பேச்சில் அப்பா வரும் இடம்

என் தங்கைக்கு நன்றாகப் பேச வரும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. வாயை மூடத்தான் வராது. ஆனால் அவள் பேசுவதை ஊரே உட்கார்ந்து கேட்கும், அதை ஒருத்தர் வீடியோ எடுப்பார், அது எங்கள் ஊரான ஹட் பேயில் கிளம்பி, கடல் தாண்டி போர்ட் பிளேயர் வரைக்கும் போன் போனாகப் போகும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அந்தப் பேச்சை நான் வரி வரியாக ஆராய்ந்து கட்டுரை எழுதுவேன் என்று சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.

நான் அப்போது போர்ட் பிளேயரில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். தங்கை அங்கேயே கல்லூரியில் இரண்டாம் வருடம். டாலிகஞ்சில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருவருக்குமாக ஓர் அறை. விடுமுறைக்கு நாங்கள் ஊருக்குக் கப்பல் ஏறுமுன் எங்கள் மேடம் ஓர் அசைன்மென்ட் கொடுத்தார். பருவநிலை மாற்றம் பற்றி இளம் செயல்பாட்டாளர் ஒருவர் பேசிய பேச்சை எடுத்துக்கொண்டு, கேட்கிறவர்களை வளைத்துப்போட அவர் என்னென்ன உத்தி செய்கிறார் என்று எழுத வேண்டும். வகுப்பில் எல்லோரும் யூடியூபில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் பேச்சாகத் தேடினார்கள். நான் சோம்பேறி. ஊருக்கு வந்த இடத்தில் தங்கை பேசிவைத்தாள், நம் வீட்டிலேயே ஒன்று கிடக்கும்போது எதற்கு டேட்டாவைச் செலவழிக்க வேண்டும் என்று அதையே எடுத்துக்கொண்டேன்.

அவள் பேசியது ஹட் பே பஜாரில், சாமியானா போட்டு நடந்த சுற்றுச்சூழல் கூட்டத்தில். பெரிய மனிதர்கள் எல்லோரும் காகிதத்தைப் பார்த்துப் படித்து முடித்து, பாதிக் கூட்டம் கொட்டாவி விட்ட பிறகு இவளைக் கூப்பிட்டார்கள். இந்தியில்தான் பேசினாள். எங்கள் தீவில் வங்காளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள், நாங்கள் என்று எல்லோரும் ஒரு பந்தலுக்குக் கீழே உட்கார்ந்தால் அதற்கு வேறு வழி கிடையாது. மரியாதைக்குரிய தலைவர் அவர்களே என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. மைக்கைப் பிடித்ததும், "ஆஜ் ஜஹாஜ் ஆயேகா கியா?" என்றாள். இன்றைக்குக் கப்பல் வருமா. ஹட் பேயில் நாங்கள் பல் துலக்குகிறோமோ இல்லையோ, காலையில் எழுந்ததும் இதைக் கேட்டுவிடுவோம். கூட்டம் சிரித்தது. நாலைந்து பேர் "ஆயேகா, ஆயேகா" என்று பதிலும் சொன்னார்கள். கொட்டாவி நின்றுபோனது.

அதற்குப் பிறகு கரை எப்படி அரிக்கிறது, மழை எப்படிக் காலம் தப்பிப் பெய்கிறது, கடல் எப்படி ஏறுகிறது என்று போனாள். "நாரியல் கயா, குவான் கயா, ரோடு கயா" என்று விரல் மடக்கினாள். தென்னை போச்சு, கிணறு போச்சு, ரோடு போச்சு. அது முடிந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "என் அப்பாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கப்பல் ஜெட்டி பக்கத்துக் கடைக்காரர். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் எடை போடுவார். பின்னால் தென்னை விழும், திரும்பிப் பார்க்க மாட்டார். அலை வந்து சுவரில் அடிக்கும், திரும்பிப் பார்க்க மாட்டார். என் அப்பாவுக்குப் பயமே கிடையாது." இங்கே பெரிய கைதட்டல். விசில்கூட. அது அடங்கும்வரை நின்றுவிட்டு, "அப்பா, கடல் கடைக்குள்ளே வந்துவிட்டால் மறுநாள் எங்கே கடை திறப்பீர்கள்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தா?" என்றாள். சந்தோஷமா பயமா என்று தெரியாத குரல்.

அப்பா கூட்டத்துக்கு வரவில்லை. கப்பல் வந்த நாளில் அப்பா கடையைவிட்டு எங்கேயும் நகர மாட்டார். ஜெட்டியிலிருந்து இறங்கி வருபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது எங்கள் கடை. அந்தக் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு நாலு வயதாக இருந்தபோது சுனாமி அதை மொத்தமாக வாரிக்கொண்டு போனது. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா மேட்டுக்கு ஓடியது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. பிறகு எங்களுக்கு மேட்டில் வீடு கிடைத்தது. கடையை மட்டும் அப்பா பழைய இடத்திலேயே திரும்பக் கட்டினார். தங்கை அதற்கு மறுவருடம் பிறந்தவள். எங்கள் வீட்டில் அந்தக் காலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் அவளுக்கு அது யாருக்கோ நடந்த கதை மாதிரி.

கூட்டம் முடிந்த அரை மணியில் பேச்சு கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. முழுசாக வரவில்லை, முதுகு மட்டும் வந்தது. ஜீப் ஓட்டும் பையன்கள் வெற்றிலை வாங்க வந்து, "அண்ணாச்சி, பீச்சே தேக்கோ, சமுந்தர் ஆ கயா", பின்னால் பாருங்கள், கடல் வந்துவிட்டது என்று கைகாட்டிச் சிரித்தார்கள். வெங்காயம் வாங்க வந்த வங்காளி அக்கா பொய்க்குப் பயந்த மாதிரி அலறினாள். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த பழைய ஆட்கள்கூட விடவில்லை. அப்பா யாரிடமும் கோபப்படவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், தங்கையோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அப்பாவின் பேசாமை என்பது ஒரு முழுநேர வேலை, அதில் அம்மாவுக்கும் எனக்கும்தான் சம்பளமில்லாத உத்தியோகம். "ஏட்டி, அவகிட்ட ஃபேனை நிறுத்தச் சொல்லு" என்பார். அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். "அப்பாகிட்ட சொல்லு, கை எட்டலைன்னு" என்பாள் இவள். நடுவில் நான் போஸ்ட் ஆபீஸ். தங்கை வெளியே வீறாப்பாகத்தான் திரிந்தாள். ஆனால் அப்பா வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் பார்க்காமல் கைகால் கழுவப் போய்விடுவார். அவள் பழையபடி கீரை ஆய்வாள். பார்க்க எனக்கு எரிச்சலாகவும் பாவமாகவும் இருக்கும்.

அந்த நிலைமையில்தான் நான் அசைன்மென்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். விடுமுறையில் பகல் முழுவதும் கடையில் உட்காருவது என் பங்கு. ஹெட்போன் ரிப்பேர். போனில் சத்தமாகத்தான் வீடியோவைப் போட்டேன். ஒரு வரி கேட்பேன், நிறுத்துவேன், எழுதுவேன், மறுபடி பின்னால் தள்ளிக் கேட்பேன். அப்பா ரேடியோவைக் கூட்டி வைத்தார். நானும் போனைக் கூட்டி வைத்தேன். எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா என்ன.

"நாரியல் கயா, குவான் கயா, ரோடு கயா." மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ ஓடும்போது ரேடியோ சத்தம் குறைந்தது தெரிந்தது. அப்பா பருப்புப் பொட்டலம் கட்டியபடியே, யாரிடமோ பேசுவதுபோல் சொன்னார்.

"ரோட்டைக் கொண்டுபோய் யாராவது கடைசியில வைப்பாவளா? கிணறுல்லா கடைசியில வரணும். குடிக்கத் தண்ணி இல்லன்னு சொன்னாத்தான் மனுசனுக்கு உறைக்கும்."

நான் இதைச் சாயங்காலம் தங்கையிடம் சொன்னேன். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பாகிட்ட சொல்லு, முன்வரிசையில உக்காந்திருந்தது பூரா ஜீப்காரங்களும் ஆட்டோக்காரங்களும்னு. அவங்களுக்கு ரோடுதான் உயிரு" என்றாள். மறுநாள் போய்ச் சொன்னேன். அப்பா பொட்டலத்து நூலை முடிந்தார். "ம். அதுவும் சரிதான்" என்றார். எங்கள் அப்பா வாயிலிருந்து இது வருவது லேசான விஷயம் இல்லை, நாற்பது வருட வியாபாரி, எடைக்கல்லோடுகூட விவாதம் பண்ணுவார்.

அப்படியே அது தினமும் நடந்தது. காலையில் நான் ஒரு பகுதியைப் போட்டுக் கேட்பேன், அப்பா குறை சொல்வார், சாயங்காலம் தங்கை பதில் கொடுத்துவிடுவாள். கப்பல் கேள்வியோடு ஆரம்பித்தது அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "வந்தவன்கிட்ட என்ன வேணும்னு உடனே கேக்கப்பிடாது. கப்பல் ஆட்டமா இருந்துச்சான்னு கேக்கணும். அவ அதைத்தான் பண்ணியிருக்கா" என்றார். அரசாங்கத்தையோ கம்பெனிகளையோ அவள் பெயர் சொல்லித் திட்டாமல் விட்டதும் பிடித்தது. "திட்டினா பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிருப்பான்." எல்லா யோசனையும் உருப்படி என்று சொல்ல மாட்டேன். ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றி சொல்லாதது தப்பு என்றார். நடுவில் ஒரு பாட்டுப் பாடலாம் என்றார். நான் பாட்டு விஷயத்தைத் தங்கையிடம் சொல்லவே இல்லை, என் பி.எட். மானம் போயிருக்கும்.

இதற்கிடையே போர்ட் பிளேயரில் ஒரு பெரிய கூட்டத்தில் அதே பேச்சைப் பேச அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பல தீவுகளிலிருந்தும் இளவட்டங்கள் வருகிற கூட்டம். அவளுக்குப் போக ஆசை. ஆனால் அப்பா இப்படி இருக்கும்போது அப்பாவைப் பற்றிப் பேசி எப்படிக் கைதட்டல் வாங்குவது என்று மனசுக்குள் உறுத்தல். அப்பா வரும் இடத்தை எடுத்துவிடலாமா என்று என்னிடம் கேட்டாள். எடுத்துப் பார்த்தோம். நான் வாட்சை வைத்துக்கொண்டு அவளை அறைக்குள் பேச வைத்தேன். அதில்லாமல் பேச்சு உப்பில்லாத குழம்பாக இருந்தது. "ஒருத்தரைக் காட்டினாத்தான்டி மத்தவங்க தன்னைப் பாப்பாங்க" என்று நானே சொன்னேன். என் கட்டுரையில் அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன். எதிராளியைத் திட்டாமல் புகழ்ந்தே மூலையில் மாட்டிவிடுகிறாள், பிறகு பதில் வேண்டாத ஒரு கேள்வியைக் கேட்டுக் கூட்டத்தையே மௌனமாக்குகிறாள் என்றெல்லாம் எழுதிப் பெருமையாக இருந்தேன்.

அந்த இடத்தை அப்பா மட்டும் இன்னும் கேட்கவில்லை. அதுவரை அவர் காதில் விழுந்தது ஊர் சொன்ன முதுகுதான். நானும் வேண்டுமென்றே தள்ளிக்கொண்டே வந்தேன். போர்ட் பிளேயருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், கடையில் ஆள் இல்லாத மத்தியானம், துணிந்து போட்டுவிட்டேன். அப்பா அரிசி அளந்துகொண்டிருந்தார். முதுகு வந்தது, தென்னை வந்தது, அலை வந்தது. அவர் கை நிற்கவில்லை. "என் அப்பாவுக்குப் பயமே கிடையாது" என்று அவள் சொல்ல, கைதட்டலும் விசிலும் போனிலிருந்து வந்தது. அப்பா படியைக் கீழே வைத்தார்.

"பயமே கிடையாதாமா?"

நான் வீடியோவை நிறுத்தினேன்.

"இவகிட்ட யாரு சொன்னா?" என்றார். குரல் கோபமாக இல்லை. "முதுகைக் காட்டுதேன்னு சொன்னா சொல்லிட்டுப் போட்டும். ஊரு சிரிச்சா ரெண்டு நாளு சிரிக்கும். நான் எதுக்குட்டி திரும்பிப் பாக்காம இருக்கேன்? பாத்தா கை நடுங்கும். நடுங்குத கையை வச்சுக்கிட்டு நான் எப்படி எடை போட?"

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் ஏறும் நாட்களில் அப்பா மூட்டைகளை எல்லாம் பலகைமேல் ஏற்றி வைப்பார். எலிக்காக என்று சொல்வார். நாங்களும் நம்பினோம். அது எலிக்காக இல்லை, தண்ணீருக்குப் பயந்துதான் என்று அன்றைக்குச் சொன்னார். கடையை ஏன் மேட்டுக்கு மாற்றவில்லை என்று கேட்டேன். "அங்கன யாரு வருவா? கப்பல்ல இறங்குதவன் மேட்டுக்கா ஏறி வருவான்? எனக்கு வேற என்ன தெரியும்?" என்றார். பிறகு, "அவகிட்ட சொல்லாத. புள்ளைக்கு அப்பன் தைரியசாலின்னு ஒரு நினைப்பு. இருந்துட்டுப் போட்டும்" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு பொம்பளை சோப்பு கேட்டு வந்ததால் பிழைத்தேன்.

அப்படியானால் அவர் பேசாமல் இருந்தது ஊர்க் கேலியால் தொடங்கியிருக்கலாம். இப்போது காரணம் வேறு. பெற்ற பிள்ளை தன்னைப் பார்த்தும் தெரிந்துகொள்ளவில்லையே என்ற வருத்தம் அது. நான் மட்டும் என்ன கிழித்தேன், இத்தனை வருடம் எலியை நம்பிக்கொண்டிருந்தேன்.

டாலிகஞ்ச் அறைக்குத் திரும்பி வந்ததும் தங்கையிடம் சுற்றி வளைத்தேன். "அந்தப் பயமே கிடையாதுங்கிற வரியை மட்டும் எடுத்துடு."

"பாகல் ஹை கியா? பைத்தியமா உனக்கு? அங்கதான்க்கா கை தட்டுறாங்க. நீயே ரெண்டு பக்கம் எழுதியிருக்கே."

"அது சரியில்லடி."

"என்ன சரியில்லை?"

சொல்லாதே என்று அப்பா சொல்லியிருக்கிறாரே. "கேக்க நல்லால்லை" என்று மழுப்பினேன். அவள் என்னைப் பொறாமைக்காரி என்றாள். நான் அவளை மைக் பைத்தியம் என்றேன். இரண்டு நாள் அந்த அறையில் எங்களுக்கு நடுவே தூது போகக்கூட ஆள் இல்லை.

கூட்டத்துக்கு முதல்நாள் அம்மா போன் செய்தாள். "உங்கப்பா கப்பல் ஏறிட்டாரு. சரக்கு எடுக்கவாம். இத்தனை வருசமா போன்லயே சரக்கு எடுத்த மனுசன். இஸ்திரி போட்ட சட்டையை வேற எடுத்து வச்சிருக்காரு. நான் ஒண்ணும் கேக்கல." தங்கையிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொன்னா அவ பேசவே மாட்டா, சும்மா இரு" என்றாள்.

மறுநாள் தங்கை காலையிலேயே கிளம்பிப் போய்விட்டாள். நான் ஜெட்டிக்குப் போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனேன். ஏ.சி. போட்ட ஹால். பயணப் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா என் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். தங்கையைப் பேர் சொல்லி அழைத்தபோது முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அவள் கப்பல் வருமா என்று கேட்டாள், ஹால் சிரித்தது. அப்பாவும் சிரித்தார், பக்கத்து நாற்காலிக்காரரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தென்னை, கிணறு, ரோடு எல்லாம் வந்தது. "என் அப்பாவை" என்று ஆரம்பித்தபோது அவள் கண்ணில் அப்பா பட்டுவிட்டார்.

ஒரு கணம் தடுமாறினாள். எனக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, முதுகையும் தென்னையையும் அலையையும் சொன்னாள், குரல் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. "என் அப்பாவுக்குப் பயமே கிடையாது" என்றாள். கைதட்டல் எழுந்தது. அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, கை ஓயும்வரைக்கும் காத்திருக்காமல், இந்தியையும் விட்டுவிட்டுத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, கடல் கடைக்குள்ள வந்துட்டா மறுநாள் எங்கப்பா கடை திறப்பீங்க?"

மேடையில் கேட்கிற கேள்விக்குக் கீழே இருப்பவர்கள் பதில் சொல்வதில்லை என்பது அப்பாவுக்குத் தெரியாது. கேட்டால் எழுந்து நின்று சொல்வதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை. பையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"தெரியலம்மா" என்றார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. தண்ணி ஏறுத நாளெல்லாம் பயமாத்தான் இருக்கு."

தமிழ் தெரியாதவர்கள் என்ன சொன்னார் என்று கேட்க, வரிசை வரிசையாக அது இந்தியிலும் வங்காளியிலும் தெலுங்கிலும் மெதுவாகப் பின்னால் போவது கேட்டது. யாரும் கை தட்டவில்லை. தங்கை பேச்சின் மீதியைப் பேசவில்லை. மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, மேடை ஓரத்துப் படியில் இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"ஒரு தடவை சொல்லியிருக்கலாம்லப்பா."

அப்பா அவள் தலையில் கை வைத்தார். கை நடுங்கியது.

"நீ இப்பதானம்மா கேட்ட."